கல்வியும் நோய்த் தடுப்பும்

நோய் வந்தபின் மருந்தைத் தேடாத மனிதர் எந்நாட்டிலும் இலர். எழுத்தறியாதவரும் வயிற்றுவலி கண்டால் வைத்தியரை நாடுவர். ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லாத நாளில், என்றோ வரக்கூடிய நோயை எண்ணி, சிரித்து விளையாடும் குழந்தைக்கு ஊசி போடச் சம்மதிப்பது எளிதன்று. முன்னதற்கு வலியே ஆசான். பின்னதற்குக் கல்வியே ஆசான் என்பர். அஃது எத்தகைய கல்வி என்பதே இன்று நாம் ஆராய வேண்டுவது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய ஜவ்வாது மலையில் நான் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தேன். அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். அவர்கள் தாய்மொழி தமிழே. சாமை விளைவித்தும், தேனும் கடுக்காயும் புளியும் சேகரித்தும் வாழ்பவர்கள். சிற்றூர்கள் மலையெங்கும் சிதறிக் கிடப்பவை.

இந்திய அரசு 1985ஆம் ஆண்டில் அனைத்துக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்பின் சில ஆண்டுகளில், சுகாதாரச் செவிலியர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தபோது, இளம் ஆசிரியனாகிய நான் அவருடன் வீடு வீடாகச் சென்றேன். ஒரு வீட்டில் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டியிருந்தது. தந்தை மறுத்தார். “வாத்தியாரய்யா, போன தடவை மூத்த பையனுக்கு ஊசி போட்டீங்க, ராத்திரியெல்லாம் காய்ச்சல். நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குக் காய்ச்சலில் தள்ளணும்?” என்றார். நான் பதில் கூறவில்லை. அறியாமை என்று கடிந்துவிட்டுத் திரும்பினேன். மறு கோடையில் அவ்வூரில் மணல்வாரி, அதாவது தட்டம்மை, பரவிற்று. அக்குழந்தை பிழைக்கவில்லை.

பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தபோது, அவர் கேள்வியில் மடமை ஏதும் இல்லை என்று உணர்ந்தேன். ஊசியால் வந்த காய்ச்சல் கண்ணுக்குத் தெரிந்தது. ஊசியால் வாராமற் போன நோய் எவர் கண்ணுக்கும் தெரியாது. தடுப்பு மருத்துவத்தின் இடர்ப்பாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. காணாத பகைவனை அடையாளம் கண்டுகொள்ள உடம்பு பழகும்போது சிறு காய்ச்சல் வருவதுண்டு. அஃது ஓரிரு நாளில் தணியும். இவ்வளவே நான் கூறியிருக்க வேண்டிய பதில்.

கல்வி இத்தகைய முடிவுகளை எங்ஙனம் மாற்றுகிறது? ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் (நம் மொழியை ஆராய்ந்த பாதிரியார் அல்லர், வேறொருவர்) நைஜீரியாவில் ஆராய்ந்து, 1979இல் ஓர் உண்மையை வெளியிட்டார். குழந்தை பிழைப்பதில் தந்தையின் தொழில் போன்றவற்றைக் காட்டிலும் தாயின் படிப்பே பெரிதும் துணை நிற்கிறது என்பது அவர் முடிவு. படித்த தாய் விதியென்று சோர்வதில்லை. வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்புண்டு. மருத்துவ நிலையத்தில் கூச்சமின்றிப் பேசுவாள். வருவாய் குறைந்திருந்தும் இலங்கையும் கேரளமும் மரணத்தைக் குறைத்ததற்குப் பெண்கல்வி ஒரு முக்கிய காரணம் என்றும் 1986இல் அவர் எழுதினார். இலங்கையில் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது.

ஆயினும் எழுத்தறிவு மட்டும் போதுமென்று கருதுவது பிழை. 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகத்தில் நடைபெற்றது. அப்போது கைப்பேசி வழியே வதந்திகள் பரவின. நகரத்துப் படித்த பெற்றோருள்ளும் பலர் தயங்கினர். அவர்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. படித்ததை ஆராயும் பழக்கமே குறைவாயிருந்தது. மலையில் அந்தத் தந்தையோ படிக்கத் தெரியாதவர்; ஆயினும் கேட்க வேண்டியதைக் கேட்டார். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆண்டுகள் பல கழித்து, கைக்குழந்தையுடனும் தடுப்பூசி அட்டையுடனும் என்னை வழியிற் கண்டாள். அடுத்த ஊசியின் தேதியைத் தானே படித்துக் காட்டினாள். பிறகு சொன்னாள்: “அப்பா அன்னிக்குக் கேட்டதைத்தான் ஐயா நானும் நர்ஸம்மாகிட்ட கேட்டேன். காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும், என்ன செய்யணும்னு அவங்க பொறுமையாச் சொன்னாங்க.”

கேள்வி ஒன்றே. அதைக் கேட்கும் துணிவைப் பள்ளி தந்தது. பதிலை அச்செவிலியர் தந்தார். ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: நோய்க்கிருமியைப் பற்றிய பாடத்தை நடத்துங்கள். அத்துடன், ஊசி போடாத நாளொன்றில் செவிலியரை வகுப்பறைக்கு அழைத்து, மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்டாலும் கடியாது பதில் கூறுங்கள். நான் ஒரு வீட்டில் அதைச் செய்யத் தவறினேன்.