காப்புறுதி எடுத்தவருக்கு வழக்குப் பேசுவது யார்?

ஒன்ராறியோவில் நிலக்கீழ் வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறீர்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து மேல்வீடும் சேதமாகிவிட்டது. சில மாதங்களின் பின் சொந்தக்காரர் உங்கள்மேல் நட்டஈட்டு வழக்குப் போட்டு, அதன் பத்திரங்கள் கையில் தரப்படுகின்றன. கோடு, கச்சேரி என்றாலே பயந்து இவற்றை ஒளித்து வைக்கிற ஆட்கள் எங்களுக்குள் இருக்கினம். ஒளிக்காதேயுங்கோ. இது சிவில் வழக்கு, பொலிஸ் வழக்கல்ல. உங்கள் அகதிக் கோரிக்கையை விசாரிப்பது வேறு சபை.

தீப்பிடித்த அன்று உங்களிடம் வாடகையாளர் காப்புறுதி இருந்ததா? அதில் பிறருக்கு ஏற்படும் நட்டத்துக்கான பகுதி இருந்தால், கொம்பனிக்கு வழமையாக இரண்டு கடமை உண்டு. ஒன்று, தீர்ப்பான நட்டஈட்டை வரையறுத்த தொகைவரை கட்டுவது. மற்றது, தன் செலவில் சட்டத்தரணி வைத்து உங்களுக்காக வழக்காடுவது. பலருக்கு இந்த இரண்டாவது தெரியாது. ஆனால் அதுதான் பெரியது.

கொம்பனிகள் சிலவேளை "இது எங்கள் ஒப்பந்தத்துக்குள் வராது" என்று மறுக்கும். இதுபற்றிக் கனடா உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கு மனுவில் எழுதியுள்ளவை உண்மையென்று வைத்துக்கொண்டால், அது காப்புறுதிக்குள் வர ஒரு சாத்தியம் இருந்தாலே போதும், கொம்பனி வழக்காட வேண்டும். 2010இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தண்ணீர் புகுந்த கட்டடங்கள் பற்றிய வழக்கில், கட்டியவருக்காக வழக்காடும்படி அப்படித்தான் தீர்ப்பானது. 1990இல் ஒன்ராறியோச் சட்டத்தரணி ஒருவருக்கு மறுபக்கமாய்ப் போனது. அவர்மேல் சொன்னது மோசடிக் குற்றச்சாட்டு, அவரது காப்புறுதியோ நேர்மையற்ற செயலுக்கு இல்லை. வழக்கில் அவர் வென்றும் செலவு கிடைக்கவில்லை! ஆகவே மனுவில் "கவனயீனம்" என்றிருக்கிறதா, "வேண்டுமென்று" என்றிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கோ.

பத்திரம் கிடைத்த அன்றே கொம்பனிக்கு அறிவித்துப் பிரதியை அனுப்புங்கோ. ஒன்ராறியோவில் எதிர்மனு போட வழமையாக 20 நாள்தான் தவணை. தவறினால் உங்களைக் கேளாமலே தீர்ப்பு வரலாம். "நான் கட்டுகிறேன்" என்று சொந்தக்காரருக்கு எழுதிக் கொடுக்கவேண்டாம். மன்னிப்புக் கேட்டது பயமில்லை, ஒன்ராறியோவின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் காட்டிக் காப்புறுதியை மறுக்க முடியாது.

கொம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கோ. மறுப்புக் கடிதத்தோடு சட்ட உதவி நிலையத்துக்கோ எங்களிடமோ வாருங்கோ, ஆனால் அந்த 20 நாளுக்குள்.