கூரையை எடுத்தால் கார் முறுக்கிக்கொள்ளுமா?



கோவை அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. விஞ்ஞானி ஜி.டி.நாயுடுவின் பெயரை நினைவூட்டும் இந்த இடம் 2015-இல் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்களை அங்கே பார்க்கலாம். மேலே கூரை இல்லாத கார்களும் உண்டு. அவற்றைப் பார்த்ததும், "கூரை இல்லாவிட்டால் என்ன? வெயிலும் மழையும் படும், அவ்வளவுதானே!" என்று நினைப்போம். அவ்வளவுதானா? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு செருப்பு டப்பாவை எடுங்கள். மூடியைப் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து, துணி பிழிவது போல முறுக்குங்கள். எளிதில் அசையாது. இப்போது மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். டப்பா கோணிக்கொள்கிறது அல்லவா? அடியும் நான்கு பக்கமும் அப்படியேதான் இருக்கின்றன. போனது மூடி மட்டும்தான். ஆனால், அதோடு பெரும் பகுதி உறுதியும் போய்விட்டது!

அந்தக் காலக் கார்களில் அடியில் 'சேஸிஸ்' என்ற கனமான இரும்புச் சட்டம் தனியாக இருந்தது. நீளமாக இரண்டு இரும்பு, குறுக்கே சில இரும்பு. படுக்க வைத்த ஏணி போல இருக்கும். பாரத்தை எல்லாம் அதுவே சுமந்ததால், கூரை இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஜீப்பும் இந்த வகைதான். ஆனால் மாருதி 800 போன்ற கார்களில் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த உடலே சட்டமாகவும் வேலை செய்கிறது. நம் செருப்பு டப்பாவைப் போல!

இப்படிப்பட்ட காரின் கூரையை அறுத்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாகச் சாத்தாது. முன்கண்ணாடி நடுங்கும். வளைவில் திரும்பும்போது கார் ஓட்டுநரின் கைக்குச் சரியாக அடங்காது. விபத்து நேர்ந்தால் ஆபத்தும் அதிகம்.

அப்படியானால், தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? எடுத்த பலத்தை வேறு இடத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியைத் தடிமனாக்குகிறார்கள். அடித்தரையில் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கம்பிகளைப் பொருத்துகிறார்கள். ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைத் திறந்த காராகச் செய்தது. கூரையை எடுத்தால் எடை குறைய வேண்டும்தானே? குறையவில்லை, கூடியது! சேர்த்த இரும்புதான் காரணம்.

சரி, கம்பியை ஏன் குறுக்காக வைக்கிறார்கள்? நான்கு ஈர்க்குச்சிகளை எடுத்து, மூலைகளில் நூலால் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். இப்போது எதிர் எதிர் மூலைகளை இணைத்து, ஐந்தாவதாக ஒரு குச்சியைக் கட்டுங்கள். இனி எளிதில் சாயாது! காரணம், சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் வடிவம் மாற முடியாது. நம் ஊர்த் தோட்டத்துப் படலைப் பாருங்கள். தொங்கிப் போகாமல் இருக்க, ஒரு மூங்கிலைக் கோணலாக வைத்துக் கட்டியிருப்பார்கள். படித்துச் செய்ததா? அனுபவம் சொல்லிக் கொடுத்தது!

பந்தயக் கார்கள் பலவும் திறந்தவைதான். ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியவர் கோவையின் கரிவரதன். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எல்.ஜி.பி. ஃபார்முலா 4 போன்ற பந்தயக் கார்களின் உள்ளே பார்த்தால், இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்திருப்பார்கள். கனமான இரும்பை அடுக்காமல், மெல்லிய குழாயைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஓடும் திறந்த கார்களுக்கு, பின்னால் வாங்கிப் பொருத்தும் வலுக்கம்பிகளும் உண்டு. முன்பக்கத்து இரண்டு ஷாக் அப்சார்பர்களின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி அதில் ஒன்று. ஆனால் பார்த்த இடத்திலெல்லாம் வெல்டிங் வைத்தால் போதாது. ஓர் இடத்தை மட்டும் விறைப்பாக்கினால், பாரம் பக்கத்திலுள்ள பலவீனமான இடத்துக்குப் போய், அங்கே விரிசல் விடலாம். கணக்குப் போட்டுத்தான் பொருத்த வேண்டும்.

உங்கள் வீட்டு அண்ணனோ சித்தப்பாவோ, "பழைய காரின் கூரையை அறுத்து ஸ்டைலாக்கப் போகிறேன்" என்று சொன்னால், செருப்பு டப்பாவை எடுத்துக் காட்டுங்கள். தயாரிப்பாளர் செய்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அனுமதிப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

ஒன்றை எடுக்கும் முன், அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். காருக்கு மட்டுமா? கூரைக்கும், சுவருக்கும், பாலத்துக்கும் இதுதான் பாடம். ஈர்க்குச்சிச் சோதனையை இன்றே செய்து பாருங்கள், செல்வங்களே!