காய்ச்சல் கண்ட பிள்ளையும் வகுப்பறையும்

மார்கழி பிறந்தால் பெங்களூருவில் விடியற்காலைப் பனி தெருவை மறைக்கிறது. கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்த பிள்ளைகள் பள்ளி வண்டிக்காகக் காத்து நிற்கிறார்கள். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து இங்கே குடியேறிய நமக்கு இக்குளிர் புதிது. பிள்ளை இரண்டு முறை இருமினால், பனிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குவது வழக்கம். ஆனால் குளிர் மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. ஜலதோஷத்துக்கும் இன்புளுயன்சா காய்ச்சலுக்கும் வைரஸ் என்னும் நுண்கிருமிகளே காரணம். குளிர்ந்து உலர்ந்த காற்று அவற்றுள் சிலவற்றுக்குத் துணை செய்கிறது. குளிருக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்து, எஞ்சிய துணையை நாமே செய்கிறோம். பிள்ளைகள் விடும் மூச்சு அறைக்குள்ளேயே தேங்கி நிற்கிறது.

நோய் மனிதரோடு பயணம் செய்வது என்பதற்குச் சரித்திரம் சான்று கூறும். 1957 மே மாதத்தில் கீழ்த்திசையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றில் ஆசிய இன்புளுயன்சாவும் வந்திறங்கியது. சில மாதங்களுக்குள் அது நாடெங்கும் பரவியது. கப்பல் நாட்டுக்குச் செய்ததைக் காய்ச்சலோடு பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வகுப்புக்குச் செய்கிறது.

இதை நான் பட்டறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் என் மகளுக்கு உடல் சுட்டது. அன்று அவளுக்குப் பரீட்சை. எனக்கோ முடித்தாக வேண்டிய மொழிபெயர்ப்பு. காய்ச்சல் தணிக்கும் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த வாரத்திலேயே அவளோடு ஒரே ஆட்டோவில் செல்லும் பிள்ளைகள் இருவர் படுத்தனர். அவர்களுள் இழைப்பு நோயுள்ள சிறுவன் இரண்டு இரவுகள் மருத்துவமனையில் இருந்தான். அவன் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரும் வேதனையாயிற்று.

மருந்து காய்ச்சலைத் தணிக்குமேயன்றித் தொற்றை நீக்காது. இன்புளுயன்சா கண்டவர், நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னிருந்தே பிறருக்கு அதைப் பரப்பக்கூடும். ஆகையால் மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் நீங்கி, அதன்பின் 24 மணி நேரம் கழியும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதே முறை. ஊரில் பாட்டி பார்த்துக்கொள்வாள். இங்கே பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள் என்பது உண்மையே. இம்மாதங்களுக்கென விடுப்பு நாட்கள் சிலவற்றை ஒதுக்கி வைத்து, இருவரும் முறை போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவருக்குப் பரிசளிக்கும் பள்ளிகளும், நோயுற்ற நாளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நலம்.

வகுப்பறையின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று ஓடும். இருமும்போது கைக்குட்டையாலோ முழங்கை மடிப்பாலோ வாயை மூடவும், சோப்பிட்டு 20 விநாடியேனும் கைகழுவவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும், கிருமியை அழிக்காது. ஆன்டிபயாடிக் மருந்துகளும் வைரசுக்குப் பயன்படா. மருத்துவர் சொல்லாமல் அவற்றைக் கடையில் வாங்கலாகாது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து.

பனிக்காலத்தின் இறுதியில் தலைகாட்டும் தட்டம்மைக்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் இந்தப் பெங்களூருவில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஊர் மாறி வந்தபோது விடுபட்ட ஊசி எதுவும் உண்டா என்று அட்டையை எடுத்துப் பார்ப்பது அவசியம். இன்புளுயன்சா தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டறியலாம்.

பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலும், மூச்சிழுக்கையில் விலாப்பகுதி உள்ளே குழிந்தாலும், நீர் அருந்த மறுத்தாலும், எழுப்பியும் மயங்கிக் கிடந்தாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தவறிய பரீட்சையைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம். நம் பிள்ளையை இரண்டு நாள் வீட்டில் நிறுத்துவது, அவனருகே அமரும் பிள்ளைக்கும், அப்பிள்ளையின் வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும், முதியோருக்கும் நாம் செய்யும் உதவியாகும்.