வெள்ளிமலையில் இங்கிலீஷ் அகராதி

வக்கீல் பரீட்சையில் தேறிய பேரன் 'பாரில்' சேர்ந்துவிட்டான் என்று யாரோ வந்து சொல்ல, பாட்டியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். வக்கீல்கள் கூடும் இடமும் பார். மதுவை ஊற்றிக் கொடுக்கும் இடமும் பார். துணி துவைக்கும் சோப்புக் கட்டியும் பார். பாட்டியின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. தாம் அறிந்த பொருளைக் கொண்டே அவர் அந்த வார்த்தையை அளந்தார்.

இங்கிலீஷ் பாஷையில் இத்தகைய வார்த்தைகளுக்குக் கணக்கில்லை. வார்த்தை எவ்வளவுக்கெவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் பொருள்கள் பெருகிக் கிடக்கும். 1928-ல் முற்றுப்பெற்ற ஆக்ஸ்போர்டு பேரகராதியில் மிக அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டது 'ஸெட்' என்னும் சின்னஞ்சிறு வார்த்தை. பிற்காலத்துப் பதிப்பாசிரியர்களோ 'ரன்' என்னும் வினைக்கு மாத்திரம் அறுநூறுக்கு மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மனிதன் ஓடுவதும் 'ரன்'. மூக்கு ஒழுகுவதும் 'ரன்'. கடை நடத்துவதும் 'ரன்'. நம் நாட்டில் தேர்தலுக்கு 'நிற்கிறார்கள்'. அமெரிக்காவில் அதற்கும் 'ஓடுகிறார்கள்'!

தமிழில் மட்டும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. 'படி' என்றால் அரிசி அளப்பது, ஏறுவது, புத்தகத்தை வாசிப்பது, உத்தியோகஸ்தர் சம்பளத்தோடு வாங்குவது, இத்தனையும் ஆகும். ஆயினும் எந்தக் குழந்தையும் அரிசிப் படியில் ஏறி மாடிக்குப் போக முயன்றதில்லை. தாய்ப் பாஷையின் வார்த்தை, பொருள்கள் அனைத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அந்நிய பாஷையின் வார்த்தையோ ஒரே ஒரு பொருளோடு கடைத்தெருவில் அறிமுகமாகிறது. அதன் மற்றப் பொருள்கள் சர்க்கார் கச்சேரியில் காத்திருக்கின்றன. பட்டணத்திலே இதனால் விளைவது சிரிப்பு. மலையிலே விளைவது நஷ்டம்.

எந்த மலை என்று சொல்கிறோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் கல்வராயன் மலை. அம்மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதிக்குத் தலைமை இடம் வெள்ளிமலை. சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும், கடுக்காயும் தேனும் சேகரித்தும் வாழும் மலையாளிகளின் நாடு அது. இங்கே 'மலையாளி' என்றால் கேரள தேசத்தார் அல்ல. மலையை ஆள்பவர், மலைவாசி. ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்னும் சங்கடம் அவர்களுடைய பெயரிலேயே தொடங்குகிறது.

சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக இம்மலை நெடுங்காலம் ஆளப்பட்டது. வெள்ளைக்காரன் கப்பலேறிய பின்னும் அந்த ஆட்சி உடனே முடியவில்லை. 1976-ல்தான் ஜாகீர்கள் நீங்கி, மலை சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. சர்க்காரோடு காகிதம் வந்தது. காகிதத்தோடு இங்கிலீஷ் வார்த்தைகளும் வந்தன. அவற்றில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஐந்தும் நம் வீட்டுக் குழந்தைகள் நாள்தோறும் சொல்பவை.

முதலாவது 'ரிஸர்வ்'. பின்னால் உதவும் என்று ஒதுக்கி வைப்பது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. ரயிலில் இடம் ரிஸர்வ் செய்கிறோம். 1935-ல் தொடங்கிய ரிஸர்வ் பாங்கு தேசத்தின் பணத்தைக் காக்கிறது. ஒருவரோடும் கலகலப்பாகப் பேசாதவரையும் 'ரிஸர்வ்டு' என்கிறார்கள். ஒதுக்கி வைப்பது சரி. யாருக்காக ஒதுக்கி வைப்பது? அதை வார்த்தை சொல்வதில்லை. 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின் 'ரிஸர்வ் காடு' சர்க்காருக்காக ஒதுக்கியது; அநுமதியின்றி உள்ளே சென்று விறகு வெட்டினாலும் மாடு மேய்த்தாலும் குற்றம். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் தந்த 'ரிஸர்வேஷ'னோ கல்லூரியிலும் உத்தியோகத்திலும் மலைவாசியின் மக்களுக்காக ஒதுக்கியது. ஆக, தகப்பனை வாசலில் நிறுத்துவதும் மகனை வாசலுக்குள் அழைப்பதும் ஒரே வார்த்தை!

இரண்டாவது 'ஸெட்டில்மெண்டு'. குடும்பச் சொத்தை மகளுக்கு எழுதி வைப்பது ஸெட்டில்மெண்டு. கடன் பாக்கியைத் தீர்ப்பதும் அதுவே. மக்கள் குடியிருக்கும் சிற்றூருக்கும் அதே பெயர். அந்நிய ஆட்சியில் இதற்கு ஒரு கொடிய பொருளும் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ச் சில வகுப்பாரைக் கொண்டுபோய் அடைத்து, ஆஜர்ப் பட்டியல் போட்டுக் காவல் காத்த இடங்களையும் ஸெட்டில்மெண்டு என்றுதான் அழைத்தார்கள். பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் அஜீஸ்நகர் அவற்றில் ஒன்று. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது.

வனச் சட்டத்திலே இவ்வார்த்தைக்கு வேறொரு பொருள். ஒரு காட்டை ரிஸர்வ் ஆக்குமுன், அதில் யாருக்கு என்ன பாத்தியதை உண்டு என்று விசாரித்து முடிவு கட்டுவதற்கு 'வன ஸெட்டில்மெண்டு' என்று பெயர். அதற்கென ஓர் அதிகாரி விளம்பரம் செய்து கெடு விதிப்பார். கெடுவுக்குள் கேட்காதவருடைய பாத்தியதை பொதுவாக அற்றுப்போகும். ஸெட்டில்மெண்டு ஆபீஸர் வருகிறார் என்று கேள்விப்பட்ட ஒரு மலைவாசி, நமக்குக் குடியிருப்புக் கட்டித்தர யாரோ வருகிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டால், அவரைக் குறை கூற முடியுமா? அகராதியில் அந்தப் பொருளும் இருக்கத்தானே இருக்கிறது?

மூன்றாவது 'ஷெட்யூல்'. ரயில் புறப்படும் நேரத்துக்கும், சினிமாப் படப்பிடிப்பின் நாள் கணக்குக்கும் இந்த வார்த்தை வழங்குகிறது. சட்டத்தில் இதற்கு அட்டவணை என்று பொருள். பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, சேலம், தருமபுரி, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் மலையாளிகள் பழங்குடியினர் அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறார்கள். ஆகவே வெள்ளிமலையார் 'ஷெட்யூல்டு' ஜனங்கள். அதே பெயர் கொண்டு ஈரோடு ஜில்லாவின் பர்கூர் மலையில் வாழ்வோர், தங்களையும் அட்டவணையில் சேர்க்கவேண்டுமென்று பல்லாண்டுகளாகக் கோரி வந்திருக்கிறார்கள்.

விந்தை இதோடு நிற்கவில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின்படி, பழங்குடியினர் மிகுந்த பிரதேசங்களை 'ஷெட்யூல்டு பிரதேசம்' என்று அறிவிக்கலாம். அங்கே கிராம சபைகளுக்குத் தனி அதிகாரங்கள் உண்டு. ஆந்திராவிலும் ஒரிஸ்ஸாவிலும் அத்தகைய பிரதேசங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்று கூடக் கிடையாது. ஆகவே வெள்ளிமலையில் நிற்கும் மனிதர் ஷெட்யூல்டு. அவர் நிற்கும் மண் ஷெட்யூல்டு அல்ல.

நான்காவது 'மைனர்'. இவ்வார்த்தையைக் கேட்டதும் நம் நேயர்களுக்குச் சில்க் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாக உலாவும் சொகுசுக்காரரின் ஞாபகம் வரும். தகப்பனார் காலமாகிச் சிறு வயதிலேயே சொத்துக்கு உரியவராகி, பின்பு அதைக் கரைத்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழர் தாமே இந்தப் பொருளை உண்டாக்கிக்கொண்டார்கள் போலும். சட்டத்திலோ பதினெட்டு வயது நிரம்பாதவர் மைனர். காட்டிலாகாவின் கணக்கில் வேறு: மரம் 'மேஜர்', கடுக்காய், தேன், மெழுகு, கிழங்கு, மூலிகை எல்லாம் 'மைனர்'. இதையே தமிழில் சிறு வன மகசூல் என்கிறோம். சிறியது என்று சொன்னது யார்? மரத்தை விற்று வருமானம் பார்த்தவர்கள். கடுக்காய் பொறுக்கி அரிசி வாங்கும் குடும்பத்துக்கு அதுவல்லவா மேஜர்! 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இந்த மைனர் பொருள்களின் மேல் காட்டுவாசிகளுக்குச் சொந்தமும், சேகரிக்கும் உரிமையும், விற்கும் உரிமையும் உண்டென்று ஒப்புக்கொண்டது. மூங்கிலையும் அந்த வரிசையிலேயே சேர்த்தது.

ஐந்தாவது 'டைட்டில்'. புத்தகத்தின் தலைப்பு டைட்டில். பயில்வான் மல்யுத்தத்தில் வெல்லும் பட்டமும் டைட்டில். ராவ்பகதூர், திவான்பகதூர் என்று வெள்ளைக்காரன் வழங்கியவையும் டைட்டில்களே. தேசபக்தர்கள் துறந்தவையும் அவையே. நிலத்தைப் பொறுத்தமட்டில் டைட்டில் என்றால் சொந்தம் என்னும் பாத்தியதை. கடைத்தெருவின் எண்ணப்படி, டைட்டில் உள்ளவர் நிலத்தை விற்கலாம், அடமானமும் வைக்கலாம். வன உரிமைச் சட்டம் தரும் டைட்டில் அப்படிப்பட்டதல்ல. 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே பழங்குடியினர் அநுபவித்து வந்த காட்டு நிலத்துக்கு, நான்கு ஹெக்டேருக்கு மேற்படாமல் அது கிடைக்கும். தம்பதிகளானால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் பிறருக்கு விற்க முடியாது. இந்தப் பேதத்தை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், விற்க முடியாத நிலத்தின் பேரில் முன்பணம் வாங்கி வம்பில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

இதற்குப் பரிகாரம் இங்கிலீஷை வெறுப்பதல்ல. பல பொருள் இருப்பது பாஷையின் வளமேயன்றிக் குற்றமன்று. ஒரு வார்த்தைக்குப் பல பொருள் உண்டு என்று அறிந்தவர் ஒருவரும், அறியாதவர் ஒருவருமாக மேஜையின் இரு பக்கங்களில் உட்காரும்போதுதான் குற்றம் பிறக்கிறது. அந்நிய அரசாங்கத்துக்கு அந்த மேஜை சௌகரியமாக இருந்தது. நம்முடைய அரசாங்கத்துக்கு அது இருக்கலாகாது. தமிழ் 1956-ல் இந்த ராஜ்யத்தின் ஆட்சிமொழியாகச் சட்டப்படி ஏற்கப்பட்டது. மலையிலே ஒட்டும் விளம்பரத்தில் 'ஸெட்டில்மெண்டு' என்று எழுத்தை மட்டும் தமிழாக்கிப் போடுவது ஆட்சிமொழியாகாது. 'உங்கள் பாத்தியதையைத் தீர்மானிக்கும் விசாரணை. இத்தனை நாளைக்குள் கேளுங்கள். கேளாவிட்டால் இழப்பீர்கள்' என்று எழுதினால்தான் அது தமிழ்.

நம் வீடுகளிலும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. குழந்தைகள் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுக்கு ஒரு பொருளை உருப்போட்டவுடன் திருப்தியடைந்து விடுகிறோம். அதே வார்த்தை வங்கியில் என்ன பொருள்படும், கச்சேரியில் என்ன பொருள்படும், காட்டில் என்ன பொருள்படும் என்று சாப்பாட்டு வேளையில் ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம். அந்தக் குழந்தைகளில் ஒருவர் நாளைக்கு வெள்ளிமலையில் தாசில்தாராகவோ ஆசிரியராகவோ மேஜையின் இந்தப் பக்கம் உட்காரக்கூடும்.

முடிவாக ஒரு சந்தோஷச் செய்தி. வன உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்களை முதலில் விசாரிப்பது கிராம சபை. அதன் விதிகளில், ஏற்கத்தக்க சான்றுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சர்க்கார் தஸ்தாவேஜுகளோடு, பழைய கிணறும், இடுகாடும், வழிபாட்டுத் தலமும் அதில் இடம்பெற்றுள்ளன. விண்ணப்பதாரரல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலமும், எழுதி வாங்கப்பட்டால், சான்றுகளில் ஒன்றாகும். எங்கள் பாட்டன் இந்தக் கொல்லையில் சாமை விதைத்தார் என்று ஒரு மலைவாசிக் கிழவர் தம்முடைய பாஷையில் சொல்லலாம். சட்டம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்துக்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள எந்த அகராதியும் வேண்டியதில்லை.