சிறகு இருக்கு... ஆனா பள்ளத்தாக்கைத் தாண்டாது! வட்டக்கானல் பறவைகள் சொல்லும் மரபணுக் கதை

கொடைக்கானல் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் போனால் வட்டக்கானல். டால்பின் நோஸ் பாறை, கையால் தொடும் தூரத்தில் மேகம், 'லிட்டில் இஸ்ரேல்' என்ற செல்லப்பெயர்... வார இறுதியானால் இன்ஸ்டாகிராம் முழுக்க இந்த ஊர்தான். ஆனால், நாம் ரீல்ஸ் எடுக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாம்பார் சோலையை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

அந்த மாதிரிச் சோலைகளுக்குள் இரண்டு சின்னப் பறவைகள் வாழ்கின்றன. ஒன்று, வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, உண்மையில் கருநீல உடலும் வெள்ளை வயிறும் கொண்ட, குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பாடும் பறவை. காட்டின் தரையில் தத்தித் தத்திப் போய் பூச்சி பிடித்துத் தின்னும். இன்னொன்று, பழனி மலைச் சிரிப்பான். யாரோ கூட்டமாகச் சிரிப்பதுபோல இருக்கும் இதன் குரல். பழமும் பூந்தேனும் பிடிக்கும் என்பதால் வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்து போகும்.

இரண்டையும் இந்த மலையிலிருந்துதான் அறிவியல் உலகம் முதலில் தெரிந்துகொண்டது. அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். சோலைக்கிளிக்கு 1868-லும், சிரிப்பானுக்கு 1869-லும் அறிவியல் பெயர் வைத்தார் வில்லியம் பிளான்ஃபோர்டு. சிரிப்பானின் அறிவியல் பெயரில் 'ஃபேர்பேங்கி' என்று இன்றும் அவர் நினைவு இருக்கிறது.

150 வருடப் பழைய கதை இது. ஆனால், இந்தப் பறவைகளின் ரத்தத்துக்குள் இருந்த பெரிய கதை வெளியே வந்தது சமீபத்தில்தான்.

வானத்தில் மிதக்கும் தீவுகள்

தீவு என்றால் சுற்றிலும் கடல் இருக்க வேண்டும் என்று நினைப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை விஞ்ஞானிகள் 'வானத் தீவுகள்' என்கிறார்கள். சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் குளிர். அங்கே சோலைக்காடும் புல்வெளியும். கீழே இறங்கினால் வெயில், வேறு மரங்கள், வேறு உலகம். குளிருக்குப் பழகிய சோலைப் பறவைக்கு அந்தச் சூடான பள்ளத்தாக்குதான் கடல்!

'பறவைதானே, பறந்து போய்விடாதா?' என்று கேட்கலாம். இங்கேதான் ஓர் ஆச்சர்யம். அதற்கு நிஜக் கடலுக்கே ஒரு நடை போய் வருவோம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் இருக்கின்றன. அந்தக் கடல் முத்துச்சிப்பிக்குப் பெயர்போனது. வளர்ந்த சிப்பி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழிக்கும். ஆனால் அதன் குஞ்சு? கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு, மூன்று வாரம் நீரில் மிதக்கும். நீரோட்டம் எங்கே கொண்டு போகிறதோ, அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பவளங்களும் கடல் அட்டைகளும்கூட இப்படித்தான். ஒரு பாறையில் பிறந்தது இன்னொரு பாறையில் குடும்பம் நடத்தும்.

ஆக, நகரவே முடியாத சிப்பியின் வாரிசு ஊர் தாண்டிப் போகிறது. சிறகு உள்ள சோலைக்கிளியோ அடுத்த மலைக்குப் போவதில்லை. சிப்பிக்குக் கடல் பாதை. சோலைக்கிளிக்குப் பள்ளத்தாக்கு மதில்.

சம்பந்தம் விட்டுப்போன ஊர்கள்

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் கதையே போதும். இரண்டு ஊர்கள் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும்? முகஜாடை, பேச்சு, பழக்கம் எல்லாம் கலந்துவிடும். நடுவில் ஏதோ தகராறு, சம்பந்தம் நின்றுபோகிறது என்று வையுங்கள். சில தலைமுறை கழித்து இரண்டு ஊரும் வேறு வேறு ஜாடையில் நிற்கும்.

உயிரினங்களிலும் அதேதான். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு உயிர்கள் போய்க் குடும்பமாகும்போது மரபணுவும் கூடவே போகிறது. இதற்கு 'மரபணு ஓட்டம்' என்று பெயர். ஓட்டம் இருந்தால் கூட்டத்துக்குள் வகை வகையான மரபணுக்கள் இருக்கும். புது நோய் வந்தாலும், வெயில் கூடினாலும், சமாளிக்கும் சில உயிர்களாவது அந்தக் கூட்டத்தில் இருக்கும். ஓட்டம் நின்றால்?

ஒரு துளி ரத்தம் சொன்ன உண்மை

வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடுதான் மலை மலையாக ஏறினார்கள். ராபின் திருப்பதி ஐசரிலும், உமா பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் ஆய்வு செய்பவர்கள். சோலைக்குள் மெல்லிய வலை கட்டி, சிக்கும் பறவையின் காலில் வளையம் மாட்டி, ஒரு துளி ரத்தம் எடுத்துப் பறக்க விடுவார்கள். அந்தத் துளியில் இருக்கிறது டி.என்.ஏ.

2010-ல் வெளியான ஆய்வில் சோலைக்கிளிகளின் குடும்ப மரம் தெளிவானது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பவை தனி. தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் இருப்பவை தனி. இவை பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயும் ஒரு கோடு கிழித்திருந்தது.

2017-ல் வந்தது பெரிய செய்தி. சோலைக்கிளிகளும் சிரிப்பான்களும் அதுவரை நினைத்ததுபோல இமயமலைப் பறவைகளின் கிளைகள் அல்ல. தென்னிந்திய மலைகளுக்கே சொந்தமான இரண்டு தனிப் பேரினங்கள் என்று மரபணு காட்டியது. புதுப் பெயர்களும் சூட்டப்பட்டன. 'சோலிகோலா' என்றால் சோலையில் வாழ்வது. ஆம், நம்முடைய 'சோலை' என்ற சொல்லேதான்! சிரிப்பான்களுக்கு 'மான்டெசின்க்லா'. அகத்தியமலைப் பக்கம் வாழும் சோலைக்கிளி புது இனம் என்று அப்போதுதான் அறிவிக்கப்பட்டது.

பழைய மதில், புது மதில்

இதுவரை சொன்னது இயற்கை கட்டிய மதிலின் கதை. அது அழகான கதையும்கூட. மெதுவாக, லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து இருந்ததால் புது இனங்கள் பிறந்தன.

நாம் கட்டும் மதில் அப்படிப்பட்டது அல்ல. 2015-ல் வெளியான ஆய்வில், காடு சமீபத்தில் துண்டு துண்டானதன் பாதிப்பும் சோலைக்கிளிகளில் தெரிந்தது. ஒரே மலைத்தொடருக்குள், ஒரே இனத்துக்குள்ளேயே போக்குவரத்து குறைகிறது. தீவுக்குள் தீவுகள்! பாட்டில்கூட இது எதிரொலிக்கிறது. கணவாயால் பிரிந்த சோலைக்கிளிகளின் பாட்டு ஒரு விதத்தில் மாறியிருக்கிறது, காடழிப்பால் பிரிந்தவற்றின் பாட்டு வேறு விதத்தில் மாறியிருக்கிறது என்று 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது.

பழனி மலையில் மாற்றம் எவ்வளவு வேகம்? செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் இங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலைக்காடும் குறைந்திருக்கிறது. அந்த இடங்களில் சீகை, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாய நிலமும். இந்த ஆய்வில், வட்டக்கானலில் பல ஆண்டுகள் வாழ்ந்து சோலை மரக்கன்றுகளை வளர்த்த வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையின் பாப் ஸ்டூவர்ட்டும் பங்கெடுத்தவர்.

ஓட்டம் நின்றால் என்ன ஆகும்?

ஒடிசாவின் சிமிலிபால் காட்டைப் பாருங்கள். மற்ற புலிக் காடுகளிலிருந்து தனித்துப்போன இடம் அது. அங்கே கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்து, கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் 2021-ல் உமா ராமகிருஷ்ணன் குழு அதன் காரணத்தைச் சொன்னது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குட்டி கறுக்கும். பெரிய கூட்டத்தில் இது அபூர்வம். சிமிலிபாலில் சுமார் 37 சதவிகிதப் புலிகளிடம் இது காணப்பட்டது!

நிறம் மாறினால் கண்ணில் படுகிறது. நோய் எதிர்ப்பு குறைந்தால், முட்டை பொரியாமல் போனால் யார் கவனிப்பார்கள்? பழனி மலைப் பறவைகளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆகாமல் தடுக்க இப்போது நேரம் இருக்கிறது என்பதுதான் அர்த்தம். வெயில் கூடக்கூட, குளிர் தேடி மேலே ஏறலாம். ஆனால் உச்சிக்கு மேல் மலை கிடையாது.

நாம் என்ன செய்யலாம்?

2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கூட்டத்தைக் கணக்கில் வைக்க, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறையும் இருக்கிறது. இவை அரசின் வேலை. நம் பங்கு இதோ:

* போட்ட பாதையில் மட்டும் நடங்கள். குறுக்குவழியில் ஆள் போகப் போக, சோலையின் நடுவே இன்னொரு பாதை விழும்.

* பறவையை வரவழைக்க மொபைலில் அதன் குரலைப் போடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

* மலையில் மரம் நடப் போகிறீர்களா? எந்த மரம், எந்த இடம் என்று கேட்டுவிட்டு நடுங்கள். புல்வெளி வெறும் நிலம் அல்ல. குறிஞ்சி பூப்பதே அங்கேதான்.

* பார்த்த பறவையை 'இ-பேர்ட்' செயலியில் பதியுங்கள். எந்தச் சோலையில் எது இருக்கிறது என்ற கணக்குக்கு அது உதவும்.

* கொடைக்கானலில் இடம் வைத்திருப்பவர்கள், சோலையை ஒட்டிய பக்கத்தில் சொந்த மண்ணின் மரங்களை விட்டுவைக்கலாம். இரண்டு சோலைகளுக்கு நடுவே சின்னப் பச்சைத் திட்டு ஒன்று கிடைத்தாலும், பறவைக்கு அது இளைப்பாறிப் போகும் திண்ணை.

பாலக்காட்டுக் கணவாயை நாம் மூட முடியாது, மூடவும் வேண்டாம். ஆனால், பாம்பார் சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே புதிதாக ஒரு கணவாய் விழாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.