ஜாமில் கரையும் சம்பளம்

சிலாங்கூரின் காப்பாரிலிருந்து கிள்ளான் பட்டணம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். விடிவதற்கு முன் கிளம்பினால் அது ஒரு தூரமே இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கொள்கலன் லோரிகளும் பள்ளிப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் ஜாலான் காப்பாரில் சேர்ந்துவிட்டால், எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை பிடித்துக்கொண்டால் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்தடியில் ஒதுங்குவார்கள். ஒரு தடம் அடைபடும், லோரிகள் ஊர்ந்து போகும்.

தாமதத்தைவிட இந்த நிச்சயமின்மைதான் அதிகச் செலவு வைக்கிறது. கப்பலேற வேண்டிய கொள்கலனுக்குக் கெடு உண்டு. தவறினால் அடுத்த கப்பல்தான். அதற்குப் பயந்து லோரியை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். மூன்று நடை போக வேண்டிய லோரி இரண்டோடு நிற்கிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநருக்கு அன்றைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. முதலாளிக்கோ அதே சரக்கை ஏற்ற இன்னொரு லோரி வேண்டும். அந்தச் செலவு கடையில் நாம் வாங்கும் பொருளின் விலையில் ஏறிவிடுகிறது. கிள்ளான் துறைமுகம் 2023இல், இருபதடிப் பெட்டிக் கணக்கில், 1.4 கோடிக்கும் மேல் கையாண்டது. அதில் பெரும்பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கே மாறுகிறது. மீதியில் பெரும்பங்கு லோரியை நம்பித்தான் இருக்கிறது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் நெரிசலால் 2014இல் ஏற்பட்ட இழப்பு, மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.1 முதல் 2.2 விழுக்காடு என்று உலக வங்கி 2015இல் கணக்கிட்டது. வீணான நேரம், எரிபொருள், புகை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வேலையைத் தேடாமலே விட்டவர்கள் அதில் தெரிவதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நல்ல சம்பளத்தில் வேலை இருக்கும். போக வர நான்கு மணி நேரம் ஆகுமென்றால், காப்பாரில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் பக்கத்துத் தொழிற்சாலையில் குறைந்த கூலிக்கே போவார். பெருநகரின் பலமே பல வேலைகள் எட்டும் தூரத்தில் இருப்பதுதான். நெரிசல் அந்தத் தூரத்தைச் சுருக்கிவிடுகிறது.

கிள்ளானைக் கோலாலம்பூரோடு இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்களை 2018 ஜனவரி 1இல் எடுத்தார்கள். காசு மிச்சமானது, ஜாம் போகவில்லை. பாதை மலிவானாலும் அகலமானாலும், அதுவரை தயங்கியவர்களும் காரை எடுத்துவிடுவார்கள்.

காரை விட்டு இறங்க மாற்று வழி வேண்டும். உலக வங்கியின் அதே 2015 கணக்குப்படி, கோலாலம்பூர் வட்டாரத்தில் பொதுப் போக்குவரத்தில் போனவர்கள் 17 விழுக்காடு, சிங்கப்பூரில் 62. கொமுட்டர் ரயில் கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகிறது, எல்.ஆர்.டி. 3 தடம் ஜொகான் செத்தியாவில் முடிகிறது. இரண்டும் காப்பாரைத் தொடவில்லை. இங்கே முதலில் வேண்டியது, கிள்ளான் ரயில் நிலையத்துக்கு அடிக்கடி ஓடும் பஸ்ஸும், நெரிசல் நேரத்தில் அதற்கென்று ஒரு தனித் தடமும்.