சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

உங்களிடம் உரிமம் பெற்ற .32 ரிவால்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்ட பிறகும் பித்தளைக் கூடுகள் வெளியே தெறிக்காது, உருளையிலேயே தங்கிவிடும். 'தூக்கிப் போடுவானேன், மறுபடி நிரப்பிக்கலாமே?' என்று தோன்றலாம்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே இது பலருக்குப் பொழுதுபோக்கு. பிரைமர், வெடிமருந்து, குண்டு மூன்றும்தான் செலவாகும். கூடு பலமுறை தாங்கும். 1895 மாடல் ரஷ்ய நாகந்த் ரிவால்வருக்காக வேறு ரகக் கூடுகளை மாற்றியமைப்பவர்களும் உண்டு. மருந்தின் அளவு தப்பினால் உருளையே வெடித்துச் சிதறலாம்.

இந்தியாவில்?

ரிவால்வர் உரிமம் வேறு, தயாரிப்பு உரிமம் வேறு. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இன்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பிரிவு 2-இன் வரையறையில் தோட்டாவின் பாகங்கள், அதைத் தயாரிக்கும் இயந்திரம் எல்லாமே அடக்கம். அதனால் காலிக் கூடு வெறும் பித்தளைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

தண்டனை?

உரிமமில்லாத் தயாரிப்புக்கு முன்பு 3 முதல் 7 ஆண்டு சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு; அதிகபட்சம் ஆயுள்.

என்ன செய்யலாம்?

உரிமம் பெற்ற கடையில் மட்டும் தோட்டா வாங்குங்கள். விமான நிலையம் கிளம்பும் முன் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். மறந்துபோன ஒரு கூடுகூட உங்களை விசாரணையில் உட்கார வைக்கலாம்.